தொட்டிக் கணக்கு

கொக்குவில்,
ஆவணி, ஞாயிறு விடிய

அன்புள்ள மகளுக்கு,

நான் சுகம். நீயும் மருமகனும் பேரனும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். மழை இன்னும் இல்லை. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. கறுத்தக்கொழும்பான் இந்த முறை பத்துக் காய்கூடக் காய்க்கவில்லை. ஊர்ச் செய்தி இவ்வளவுதான்.

சின்னம்மாவின் சம்பந்தி வெள்ளிக்கிழமை ரொறன்ரோவுக்குத் திரும்புகிறா. ஒடியல் மா ஒரு கிலோவும் மிளகாய்த்தூள் இரண்டு கிலோவும் அவவிடம் கொடுத்துவிடுகிறேன், அதோடு இந்தக் கடிதமும். முதலில் வட்ஸ்அப்பில்தான் எழுதத் தொடங்கினேன். மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தேன். நான் எழுதிக்கொண்டிருப்பது அந்தப் பக்கத்திலும் தெரியும் என்று பக்கத்து வீட்டுப் பெடியன் சொன்ன பிறகு, பழையபடி கொப்பிக்கே வந்துவிட்டேன்.

கார் எப்படி? போன மாரியில் பற்றரி பிழை என்றாய். பனிக்காலத்துக்கு முதல் ஒருக்கா வடிவாகப் பார்ப்பித்துவிடு.

அம்மாவின் திவசம் நல்லபடியாக முடிந்தது. ஐயர் எட்டு மணிக்கே வந்துவிட்டார். சின்னம்மா முருங்கைக்காயும் பயற்றங்காயும் வாழைக்காய்ப் பொரியலும் வைத்தா. மதிலில் இலையை வைத்து இரண்டு தரம் கூப்பிட்டதும் காகம் வந்தது. அம்மாவின் குணம் தெரியும்தானே, பசி பொறுக்கமாட்டா. சாப்பிடும்போது சின்னம்மா, "பிள்ளை கதைச்சவளோ?" என்று கேட்டா. "ஓம், விடிய எடுத்தவள், கன நேரம் கதைச்சவள்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. உனக்கு அது வேலை நாள். நேர வித்தியாசம் வேறு. அதை விடு.

உன் உளச்சிகிச்சை வேலையைப் பற்றி இங்கே நல்ல பெயர். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்ததில் அரைவாசி உங்கள் பக்கத்துச் சனம். தேருக்கு முதல் நாள் ஸ்காபரோவிலிருந்து வந்த ஒரு மனுசி வீடு தேடி வந்தா. "மாஸ்ரர், உங்கட மகளிட்ட இடம் கிடைக்க மூன்று மாதம் காத்திருக்கோணும், ஒரு சொல் சொல்லிவிடுங்கோ" என்றா. யாருக்கு, என்ன பிரச்சினை என்று சொல்லவும் தொடங்கிவிட்டா. நான் துண்டுக் கடதாசி எடுத்துப் பேனையையும் திறந்துவிட்டேன். அப்போதுதான் நீ ஒரு முறை என்னோடு சத்தம் போட்டது ஞாபகம் வந்தது. "தங்கச்சி, பெயரை எனக்குச் சொல்லாதேங்கோ" என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். மனுசிக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனால் ஒழுங்கை முனைமட்டும் போய்ப் படலையைச் சாத்திவிட்டுத் திரும்பும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்பது வருடம் படிப்பித்தேன். என்னிடம் சேர ஒருவரும் மூன்று மாதம் காத்திருக்கவில்லை.

நீ செய்வது என்ன வேலை என்று எனக்கு விளங்கவே கன காலம் எடுத்தது. 2015 இல் காலேஜில் பதிகிறேன் என்றபோது, இந்த வயதில் திரும்பவும் படிக்கப் போகிறாள் என்று நினைத்து அம்மாவிடம் குறைபட்டேன். அது பள்ளிக்கூடம் இல்லை, ஒன்ராறியோவில் உளச்சிகிச்சை செய்பவர்களைப் பதிந்து கண்காணிக்கும் சபை என்று நீ சொல்லிச் சொல்லித்தான் புரிந்தது. இங்கே உளவளத்துணை என்பார்கள், சிலர் சீர்மியம் என்பார்கள். சனம் இன்னும் "கதைச்சுச் சுகமாக்கிறது" என்றுதான் சொல்லும். 2024 ஜூனில் உங்கள் அரசாங்கம் இந்தச் சிகிச்சைக்கு இருந்த 13 வீத வரியை எடுத்தபோது, நீ கட்டணத்தை ஏற்றி அந்த இடைவெளியை நிரப்பாமல் சனத்துக்கே விட்டாய். அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு நிறைந்தது. நாட்டு வைத்தியம் பார்த்த பரியாரி அப்புவின் பேத்தி என்று நினைத்தேன்.

ஆனால் அப்பு மத்தியானத்தோடு படலையைக் கொழுவிவிடுவார். அதையும் நீ ஞாபகம் வைத்திருக்க வேண்டும். வாசலில் வண்டில் நின்றாலும் சரி, பாம்புக்கடியைத் தவிர மற்றதெல்லாம் நாளைக்குத்தான்.

உன் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒருவருக்கு 50 நிமிடம், குறிப்பு எழுத 10 நிமிடம். நாளுக்கு 7 பேர், கிழமைக்கு 5 நாள், ஆக 35 பேர். அதற்கு மேல் நீ வேலைக்கு எடுத்த பிள்ளைகளுக்கு மேற்பார்வை. அதற்கு மேல் சம்பளம், வாடகை, கடைசி நேரத்தில் வராமல் விடுபவர்கள், பத்து வருடத்துக்குப் பத்திரமாக வைத்திருக்க வேண்டிய குறிப்புகள். மார்கழி வந்தால், வேலையிடத்துக் காப்புறுதிப் பணம் வருடத்தோடு முடிந்துவிடும் என்று ஓடி வருகிற சனம். சாப்பாடு எந்த நிரலில் இருக்கிறது? எனக்குக் கிடைக்கவில்லை.

ஆறாம் வகுப்பில் உனக்குத் தொட்டிக் கணக்கு பிடிக்காது. ஒரு குழாய் நிரப்ப ஒரு குழாய் வெளியேற்ற, தொட்டி எத்தனை மணிக்கு நிரம்பும் என்று கேட்டால், "ஏன் அப்பா வெளியேற்றுகிற குழாயைப் பூட்டவில்லை?" என்று கேட்பாய். உன் காத்திருப்புப் பட்டியலும் அந்தக் கணக்குத்தான், ஆனால் மறுபக்கம். கிழமைக்கு 6 பேர் புதிதாகக் கேட்கிறார்கள், 4 பேர்தான் சுகமாகிப் போகிறார்கள் என்று வை. வருடத்தில் 104 பேர் வாசலில் நிற்பார்கள். நீ இரவு பத்து மணிவரை இருந்தாலும் நிற்பார்கள். ஆளை எடுத்தால் கொஞ்ச நாள் குறையும். பிறகு 'அங்கே கெதியாக இடம் கிடைக்கும்' என்று பெயர் பரவி, கேட்பவர்கள் 9 பேர் ஆவார்கள். இது நான் புத்தகத்தில் படித்ததில்லை. மாட்டுக்கொட்டிலில் படித்தது.

உனக்குத் தெரிந்த கதைதான். 91 இல் மாட்டை விற்ற கொட்டிலில் 14 பெடியள். கரண்ட் இல்லை, ஜாம்போத்தல் விளக்கு. மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு அதையும் திரி தணித்துத்தான் வைப்போம். ஒவ்வொருவனின் கொப்பியையும் கையில் வாங்கித் திருத்துவேன். யாருக்குப் பின்னம் வராது, யார் பசியோடு வந்திருக்கிறான் என்று முகத்தில் தெரியும். 95 இல் எல்லோரும் நாவற்குழிப் பாலத்தால் சாவகச்சேரிப் பக்கம் வெளிக்கிட்டோம். அங்கே போயும் ஒரு மாதத்துக்குள் தென்னங்கிடுகு வேய்ந்து வகுப்புத் தொடங்கினேன். ஊரே புகழ்ந்தது. திரும்பி வந்தபின் ஒரு கொட்டில் இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. விஞ்ஞானம் படிப்பித்தவன் நாற்பது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எதிர் ஒழுங்கையில் தனியாகத் தொடங்கினான். உன்னிடம் வேலை செய்த அந்தப் பிள்ளை உன்னிடம் வருகிற பதினொரு பேரோடு போனாள் என்று நீ அழுதபோது எனக்கு அவன்தான் ஞாபகம் வந்தான். மூன்று வருடம் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு அவன் தகப்பனின் செத்தவீட்டில் நான்தான் பந்தலுக்குக் கம்பு பிடித்தேன். நீ அவ்வளவு காலம் எடுக்காதே.

காரைப் பற்றிக் கேட்டேன் அல்லவா. மறக்காமல் பதில் எழுது.

2001, உன் ஓஎல் வருடம். பெரிய கொட்டிலில் 280 பிள்ளைகள். ஜெனரேற்றர் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமென்று மைக் வாங்கினேன். மைக் வந்த அன்று அம்மா சர்க்கரைப்பொங்கல் பொங்கினா. நான் மேடையில் ஏறிக் குரலைக் கேட்டுப் பார்த்தேன். மிடுக்காக இருந்தது. கடைசி வாங்கில் இருப்பவர்களின் முகம் எனக்குத் தெரியவில்லை என்பதை அன்று நான் ஒரு குறையாகவே நினைக்கவில்லை.

நீ அந்தக் கடைசி வாங்கில், தூணோடு. அதற்கு முந்தின வருடச் சண்டையில் சாவகச்சேரி சிதைந்ததிலிருந்து, 95 இல் நாங்கள் இருந்த வீட்டு ஆச்சியின் செய்தி வந்ததிலிருந்து, நீ ஒடுங்கிவிட்டாய் என்று அம்மா சொல்லிக்கொண்டேயிருந்தா. "பிள்ளை கதைக்கிறாள் இல்லை, ஒருக்கா இருந்து கேளுங்கோ." வகுப்பு முடியட்டும் என்பேன். வகுப்பு முடிந்தால் கொப்பிகள். கொப்பிகள் முடிந்தால் றோணியோவில் பிரதி எடுக்கிற வேலை.

ஒரு நாள் அம்மா உன் கணிதக் கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தா. ஒவ்வொரு பக்கத்திலும் திகதி, தலைப்பு, கீழே அடிமட்டம் வைத்துக் கோடு. அதன் பிறகு ஒன்றுமில்லை. மூன்று மாதப் பக்கங்கள். எழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது.

அன்று பின்னேரம் நான் செய்ததை நீ ஒரு நாளும் எடுத்துக் கதைத்ததில்லை. நானும் கதைக்கவில்லை. மைக்கில் உன் பெயரைச் சொல்லி எழுப்பினேன். மாஸ்ரரின் மகளுக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒரு நியாயம் இல்லை என்று 280 பேருக்கும் காட்ட வேண்டியிருந்தது எனக்கு. "நில்" என்றேன். பிறகு இருபடிச் சமன்பாடு தொடங்கிவிட்டேன். அன்று நன்றாகப் படிப்பித்தேன், அதுவும் ஞாபகமிருக்கிறது. உன்னை இருக்கச் சொல்ல மறந்துவிட்டேன். இரண்டு மணித்தியாலம். பிள்ளைகள் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு போய், ஜெனரேற்றரை நிறுத்தி, வாங்குகளை அடுக்க வந்தபோது நீ அந்தத் தூணோடு நின்றுகொண்டிருந்தாய். "ஏன் இன்னும் நிற்கிறாய்?" என்று கேட்டேன். அதைத்தான் கேட்டேன், பிள்ளை.

அம்மா அடுத்த கிழமையே உன்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அந்த உளவளத்துணை அக்காவிடம் போனா. எட்டு மாதம், ஒவ்வொரு சனிக்கிழமையும். சனி எனக்கு மூன்று வகுப்பு. நீ இந்தப் படிப்பைத்தான் படிக்கப் போகிறேன் என்றபோது, டொக்டர் வேலைக்குப் பதிலாக இது என்ன என்று நான் முகத்தைத் திருப்பினேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தா. அந்தப் பார்வைக்கு இன்றுவரை என்னிடம் மறுமொழி இல்லை. ஒரு திவச நாளை நீ மறந்ததற்காக உன்னிடம் கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது?

சரி. கார்.

போன கிழமை பேரன் எடுத்தான். அம்மா எங்கே என்றேன். "காருக்குள்ள இருக்கிறா" என்றான். வந்துவிட்டாவா, போகப் போகிறாவா என்று கேட்டேன். "வந்திட்டா. லைற் நிப்பாட்டிப்போட்டு இருக்கிறா. ஒவ்வொரு நாளும் இருப்பா, பிறகு வருவா" என்று சொல்லிவிட்டுத் தன் விளையாட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். சின்னப் பிள்ளை, அவனுக்கு அது ஒரு செய்தி இல்லை.

அதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. மற்றவர்களின் பாரத்தை இறக்கிவிட்டு வீட்டுக்குள் போக உனக்கு அந்த நேரம் தேவையாக இருக்கலாம். நீ படித்தவள், நான் என்ன சொல்ல? கோயிலில் உன்னிடம் வருகிறவர்களைக் கண்டால், அவர்கள் சிரிக்குமுன் நீ சிரிக்கக் கூடாது என்றாய். அப்படியானால் கோயிலுக்குப் போயும் நீ வேலையில்தானே இருக்கிறாய்? உங்களைப் போன்றவர்களும் இன்னொருவரிடம் போய்க் கதைப்பார்கள் என்று நீயே ஒரு முறை சொன்னாய். இப்போது நீ யாரிடம் போகிறாய்? பெயர் வேண்டாம். போகிறேன் என்று மட்டும் எழுது. புதிதாக ஆட்களை எடுப்பதை ஒரு ஆறு மாதத்துக்கு நிறுத்தி வை. பட்டியலையும் மூடி வை. மூடியிருக்கிறது என்று எழுதி, வேறு யாரிடம் போகலாம் என்று நாலு பெயரும் கொடுத்தால் சனம் கோபிக்காது. கோபித்தாலும் பறுவாயில்லை. மத்தியானம் சாப்பிடு. இதை முதலும் எழுதினேன் என்று நினைக்கிறேன்.

உனக்கு இரவு ஏழரை என்றால் இங்கே விடிய ஐந்து. நான் எழும்பிக் கிணற்றடியில் முகம் கழுவிவிட்டுத் திண்ணையில்தான் இருப்பேன். போன் மடியில் இருக்கும். லைற்றை நிப்பாட்டின பிறகு எனக்கு எடு. நீ கதைக்க வேண்டியதில்லை. நானும் ஒன்றும் கேட்கமாட்டேன். முற்றம் கூட்டுகிற சத்தமும் கோயில் மணியும் கேட்கும். உள்ளே போக வேண்டும் போலிருக்கும்போது வைத்துவிடு.

இப்படிக்கு,
அப்பா

பி.கு: பேரனை ஏசாதே. நான் கேட்டபடியால்தான் சொன்னான். மிளகாய்த்தூளை வந்த உடனே போத்தலில் போட்டு பிரிட்ஜில் வை.