எரித்த மூட்டைகளை மட்டும் எண்ணினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜூன் 26, சர்வதேச போதைப்பொருள் ஒழிப்பு தினத்தன்று, பிடிபட்ட சரக்கை அதிகாரிகள் தீயிட்டு எரிக்கும் படத்தை வெளியிட்டிருந்தீர்கள். போதை மீட்பு வார்டில் 19 வருஷம் செவிலியராக இருந்தவள் நான். இந்த மாதிரிப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கட்டில்தான் ஞாபகம் வருகிறது.

ஹெராயினை நிறுத்திய இரண்டாம் நாள். பையனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. கொட்டாவி மேல் கொட்டாவி. போர்வைக்குள்ளும் உடம்பெல்லாம் புல்லரித்து, கால்கள் தானாக உதறின. பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிட்டான். தேறிப் போனவனை, அப்புறம் சட்டைப்பையில் ஒரு பொட்டலம் இருந்ததென்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். எட்டு மாதம் கழித்து வெளியே வந்தவன் பழைய அளவையே ஏற்றிக்கொண்டான். உடம்புக்கு அதைத் தாங்கும் பழக்கம் போயிருந்தது. மூச்சு நின்றுவிட்டது. சிறையிலிருந்து வந்த முதல் சில வாரங்கள்தான் பெரிய ஆபத்து என்று எங்கள் வேலையில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கு அதை யாரும் சொல்லி அனுப்பவில்லை.

போதைப்பொருள் பற்றிய 1961 சர்வதேச ஒப்பந்தம் மனிதகுலத்தின் ஆரோக்கியத்தையும் நலனையும் சொல்லித்தான் தொடங்குகிறது. ஆனால் அரசுகள் கணக்குக் காட்டுவது எத்தனை கிலோ பிடித்தோம், எத்தனை பேரைக் கைது செய்தோம் என்று. 1990-களில் பெருவிலும் பொலிவியாவிலும் கோகா (கொக்கெய்ன் எடுக்கும் செடி) சாகுபடியை நெருக்கினார்கள், அது கொலம்பியாவுக்கு நகர்ந்தது. அங்கே 2015 வரை விமானத்திலிருந்து களைக்கொல்லி தெளித்தும் பார்த்தார்கள். 2023-ல் கொலம்பியாவில் கோகா பயிரான நிலம் சுமார் 2.53 லட்சம் ஹெக்டேர்!

கடத்துகிறவனை விட்டுவிடச் சொல்லவில்லை. போர்ச்சுகலும் விடவில்லை. ஆனால் 2001 முதல், சொந்த உபயோகத்துக்குப் பத்து நாள் அளவுக்குள் வைத்திருப்பவர் அங்கே குற்றவாளி இல்லை. நலப் பணியாளர்கள் இருக்கும் குழுவின் முன்னால் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பையனுக்கு அப்படி ஒரு நாற்காலி கிடைத்திருக்கலாம்.

சிகிச்சை தேவைப்படும் 11 பேரில் ஒருவருக்குத்தான் அது கிடைக்கிறது என்று ஐ.நா.வின் 2024 உலக போதைப்பொருள் அறிக்கை சொல்கிறது. அடுத்த ஜூன் 26 அன்று அந்தத் தீயின் படத்துக்குப் பக்கத்திலேயே, சிகிச்சை கேட்டு வந்தவர்கள் எத்தனை பேர், கட்டில் கிடைத்தவர்கள் எத்தனை பேர் என்றும் விசாரித்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்