கூற்றுவன் நமக்குப் புதியவன் அல்லன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மறுவுலகத்தைப் பற்றிய ஆங்கில நாவல் ஒன்றைச் சென்ற இதழில் பாராட்டி எழுதிய மதிப்புரையாளர், சாவைப் பாத்திரமாக்கி அதனோடு பேசும் கற்பனை தமிழுக்கு வாய்க்கவில்லை என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். அவர் அந்த நாவலை ரசித்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த வரியைத் தாங்கள் எப்படி அச்சேற விட்டீர்கள் என்பதுதான் என் மனத்தை அறுக்கிறது.

புறநானூற்றின் 227ஆம் பாட்டைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சோழ மன்னன் கிள்ளிவளவன் இறந்தபோது புலவர் ஆவடுதுறை மாசாத்தனார் கூற்றுவனையே எதிரே நிறுத்தி, 'நனி பேதையே நயனில் கூற்றம்' என்று வைகிறார். விதை நெல்லையே சமைத்துத் தின்றுவிட்டாயே, போர்க்களந்தோறும் உன் பசியைத் தீர்த்துவந்தவனையே கொண்டுபோய்விட்டாயே, இனி உனக்கு யார் சோறு போடுவார் என்று கேட்கிறார். அந்தக் கூற்றுவனுக்குப் பசி இருக்கிறது; நாளையைப் பற்றி யோசிக்கும் புத்திதான் இல்லை. பாத்திரம் என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தவள் நான். பாடத்திட்டத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தப் பாட்டை வகுப்பில் சொல்லிவிடுவேன். ஓர் ஆண்டு, தந்தையைப் பறிகொடுத்துச் சில வாரங்களே ஆன மாணவி ஒருத்தி கடைசி வரிசையில் இருந்தாள். பள்ளிக்குத் திரும்பிய பின் அவள் யாரோடும் பேசியதே இல்லை. அன்று எழுந்து, "எமனைத் திட்டலாமா டீச்சர்?" என்று கேட்டாள். திட்டியிருக்கிறார்களே என்றேன். மணி அடித்த பிறகும் இருந்து, பாட்டைக் கணக்கு நோட்டின் பின் அட்டையில் முழுவதும் எழுதிக்கொண்டுதான் போனாள். இப்படி ஒன்று தமிழுக்கு வாய்க்கவில்லை என்று அவளிடம் போய்ச் சொல்ல முடியுமா?

மணிமேகலையில், சுடுகாட்டில் மகனை இழந்த கோதமை, என் உயிரை எடுத்துக்கொண்டு அவன் உயிரைத் தா என்று சம்பாபதியிடம் மன்றாடுகிறாள். அந்தத் தெய்வம் சக்கரவாளம் என்னும் அண்டத்துத் தேவர்கள் அத்தனை பேரையும் அவள் முன் வரவழைத்து, போன உயிரை மீட்க எங்களாலும் ஆகாது என்று சொல்ல வைக்கிறது. அண்டம் முழுவதும் ஒரு தாயின் முன் கைவிரித்து நிற்கும் இந்தக் காட்சி எந்த மொழியின் மிகுபுனைவுக்குக் குறைந்தது? எங்கள் ஊர் நூலகத்தில் இந்தக் காப்பியம் சமய நூல்களின் அலமாரியில் இருக்கிறது. இலக்கியப் பகுதிக்கு மாற்றுங்கள் என்று எழுதிக் கொடுத்துப் பார்த்தேன், பயனில்லை. திரைப்படங்களோ ஒட்டு மீசையும் கதாயுதமும் கொடுத்து எமனைக் கோமாளியாக்கிவிட்டன. தங்கள் இதழும் சில ஆண்டுகளுக்கு முன் சிறுகதைப் போட்டி அறிவிப்பில், பேய்க் கதைகளையும் எமலோகக் கதைகளையும் அனுப்ப வேண்டாம் என்று நிபந்தனை போட்டது. எழுதாதே என்று தடுப்பதும் தாங்களே, எழுதவில்லை என்று குறை சொல்வதும் தாங்களே என்றால் எழுதுகிறவர்கள் எங்கே போவார்கள்? அப்போதே இதைக் கேட்டு எழுதினேன். அட்டைப்படத்தைப் பாராட்டிய இரண்டு வரி மட்டும் வெளிவந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

புதுமைப்பித்தனையுமா மறந்துவிட்டோம்? கடவுளைச் சென்னைக்கு வரவழைத்துக் காப்பி குடிக்க வைத்தவர் அவர். 'காலனும் கிழவியும்' கதையில், உயிரைப் பறிக்க வந்த எமனை வெள்ளைக்கோயில் மருதாயிக் கிழவி பேச்சிலேயே மடக்குகிறாள். உயிரைக் கொண்டுபோவாய், எதையாவது அடியோடு இல்லாமல் ஆக்க உன்னால் முடியுமா என்று அவள் கேட்பதற்கு அவனிடம் பதில் இல்லை. காசநோயால் 1948இல் 42 வயதிலேயே மறைந்தவர் எழுதிய கதை இது.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் அந்தக் கதையை முழுவதுமாக மறுபதிப்புச் செய்யுங்கள். அவருடைய எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பக்கம் போதவில்லை என்றால் இந்தக் கடிதத்தை விட்டுவிடுங்கள். கதையில் ஒரு வரியும் குறைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
தென்காசி