வேட்டை உடைகளைப் பொது டோபிக்குக் கொண்டுபோக வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தையல் தொழில் செய்து வருகிறேன். பள்ளிச் சீருடைகளோடும் ரவிக்கைகளோடும், செம்பனைக் கன்றுகளின் குருத்தைத் தின்று அழிக்கும் காட்டுப்பன்றிகளை உரிமம் பெற்று வேட்டையாடும் தோட்டத்து இளைஞர்களுக்காக, அவர்கள் ‘செலோரெங்’ என்று சொல்லும் மறைப்பு உடைகளையும் தைத்துக் கொடுக்கிறேன். பழைய பருத்திச் சட்டையை மங்குஸ்தீன் தோல் வேகவைத்த நீரில் ஊறவைத்து, பிறகு துருப்பிடித்த ஆணிகள் கிடந்த நீரில் முக்கியெடுத்தால் கரும்பழுப்பு நிறம் ஏறும். அதன்மேல் சாக்குக் கீற்றுகளை வைத்துத் தைத்துவிட்டால், புதரோரம் உட்கார்ந்திருப்பவர் பத்தடி தூரத்திலும் கண்ணில் படமாட்டார். இவ்வளவு பாடுபட்டுச் செய்த உடையை எங்கே, எப்படித் துவைப்பது என்பதைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அண்மையில் எங்கள் பட்டணத்துச் சுயசேவை டோபி ஒன்றில், அதாவது நாமே இயந்திரத்தில் துவைத்துக்கொள்ளும் சலவைக்கடையில், நான் தைத்துக் கொடுத்த உடையையே ஓர் இளைஞர் பன்றி இரத்தக் கறையோடு இயந்திரத்தில் போடுவதைக் கண்டேன். பக்கத்து இயந்திரத்தின் முன் ஒரு மலாய் அம்மையார் தம் தொழுகை அங்கியோடு காத்திருந்தார். இளைஞரைத் தனியே அழைத்துச் சொன்னதும் அவர் உடனே துணியை எடுத்துக்கொண்டார். கெட்ட எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை, தெரியாமல் செய்துவிட்டார். பன்றி பட்ட பொருளை ஏழு முறை கழுவி, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவிய பிறகே தூய்மையானதாகக் கொள்வது நம் நாட்டு முஸ்லிம்களின் முறை. எல்லோருக்கும் பொதுவான இயந்திரத்தில் இப்படிப்பட்ட துணியைப் போட்டுவிட்டு, யாருக்கும் தெரியாது என்று இருந்துவிடுவது நமக்கு அழகாகாது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாழ்க்கையில் ஒரே குழாயடியைப் பகிர்ந்து வளர்ந்த நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்றே இதுவரை எண்ணியிருந்தேன்.

டோபியில் துவைப்பதால் வேட்டைக்காரருக்கும் கெடுதலே. காட்டுப்பன்றிக்குப் பார்வை மந்தம். மூக்கோ மிகக் கூர்மையானது. முன்பு துவைத்தவர்கள் ஊற்றிய வாசனைத் திரவத்தின் மிச்சம் இயந்திரத்திலிருந்து துணியில் ஏறிவிட்டால், காற்று திரும்பிய மறுகணமே பன்றி ஓடிவிடும். பெரும்பாலான சோப்புத் தூள்களில் துணியை வெளுப்பாகக் காட்டும் ஒளிரும் பொருளும் கலந்திருக்கிறது. அது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளிவிடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத பன்றியின் கண்ணுக்கு நீலம் நன்றாகவே தெரியும். இதனால்தான் தொப்பியில் செம்மஞ்சள் பட்டை கட்டச் சொல்கிறேன். அதைப் பன்றி பொருட்படுத்தாது, உடன் வரும் துப்பாக்கிக்காரருக்கோ அது தெளிவாகத் தெரியும்.

வியர்வைக்குத் தானாக நாற்றம் கிடையாது. தோலில் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. பாலியெஸ்டர் துணி அந்த நாற்றத்தை எளிதில் விடுவதில்லை என்பதால்தான் நான் பருத்தியை மட்டுமே வெட்டுகிறேன். இரத்தக் கறையை முதலில் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் இரத்தம் உறைந்து இழையோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒரு வாளி நீரில் இரண்டு கரண்டி சமையல் சோடா கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, வாசனையில்லாத சோப்பைக் கொஞ்சமாகத் தேய்த்து, நுரை முழுவதும் போகும்வரை அலசினால் போதும். நாற்றம் போக எலுமிச்சையோ வினிகரோ ஊற்றும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. துருவும் மங்குஸ்தீன் துவர்ப்பும் சேர்ந்து உண்டான நிறத்தைப் புளிப்பு கரைத்துவிடும் என்பதால் இந்த உடைக்கு அது ஆகாது. குளோரோக்ஸ் போன்ற வெளுப்பானை அருகிலேயே கொண்டுவராதீர்கள். புதுச் சாக்கில் சணலை நூற்கும்போது தடவிய எண்ணெயின் வாடை இருக்கும். ஆகவே தைப்பதற்கு முன்பே சாக்கை இரண்டு மூன்று முறை சோப்பு நீரில் ஊறவைத்து அலசிவிட வேண்டும். கடைசியாக, நிழலில் காற்றாட உலர்த்துங்கள். மழை நாளில் ஈரம் நின்றால் சாக்குக் கீற்றுகளில் பூஞ்சை பிடித்து, வியர்வையைவிட மோசமான வாடை வரும். நன்றாகக் காய்ந்ததும் மூடியுள்ள பிஸ்கட் டின்னில் தோட்டத்துக் காய்ந்த இலைகளோடு வைத்துவிடலாம், அந்துருண்டை வேண்டாம்.

வேட்டை உடையோடு எங்கே போகிறோம் என்பதிலும் கவனம் தேவை. 2021 பிப்ரவரியில் சபாவில் நம் நாட்டிலேயே முதன்முறையாக உறுதிசெய்யப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் இரத்தம் படிந்த துணியும் காலணியும் அதைப் பண்ணைப் பன்றிகளிடம் கொண்டு சேர்க்கக்கூடும். பேராக்கில் பன்றிப் பண்ணைகளை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. வேட்டை முடிந்த கையோடு, அதே உடையில் எந்தப் பண்ணைப் பக்கமும் போகாதீர்கள். காலணியையும் வீட்டிலேயே தேய்த்துக் கழுவுங்கள்.

சுயசேவை டோபிகளை நடத்துவோர், வேட்டை உடைகளை இயந்திரத்தில் போட வேண்டாம் என்ற அறிவிப்பை மலாயோடு தமிழிலும் ஒட்டினால் நன்றாக இருக்கும். தமிழ் வாசகத்தை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தையற்கலைஞர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்