மைக் வாங்கப் போகும் பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்துவர வேண்டும் என்று சொல்லியிருந்தோம். கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றின் பெயர் சொல்லித் தொழிலுக்குப் போனவர்கள், வலை இழுக்கும்போது அம்பா பாடியவர்கள், 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அடித்துக்கொண்டு போனபோது சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள்; இவர்கள் குரல் நம் பள்ளியில் இருக்க வேண்டும் என்பது ஆசிரியர்களின் ஆசை. முதலில் வந்த பதிவுகளைக் கேட்டேன். காற்று கேட்கிறது, கோழி கேட்கிறது, பக்கத்து வீட்டு மிக்சி மிகத் தெளிவாகக் கேட்கிறது. அப்பத்தா மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறார்.

உடனே "என்ன மைக் வாங்கலாம்?" என்று பலர் கேட்கத் தொடங்கிவிட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள். காசை வீணாக்கும் வேலையை உங்களுக்கு முன்பே நான் செய்து முடித்துவிட்டேன். ஸ்டூடியோக்களில் இருப்பது போன்ற பெரிய கண்டன்சர் மைக் ஒன்றைப் பள்ளிக்கு வாங்கினேன். அதற்கு 48 வோல்ட் கொடுக்க இன்னொரு பெட்டி வேண்டும் என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. சரி என்று அதையும் வாங்கி மாட்டினால், மின்விசிறி, பெஞ்சு இழுபடும் சத்தம், வராந்தாவில் போகிறவர் செருப்பு என எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தது. மைக் மேல் குற்றமில்லை. அது சத்தம் புகாத அறைக்கென்று செய்தது. நம் வகுப்பறைக்கு ஓட்டுக்கூரை.

பேசுகிறவர் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம்தான் முக்கியம். தூரம் இரண்டு மடங்கானால் மைக்கை எட்டும் பேச்சின் வலு நாலில் ஒரு பங்காகிவிடும். மின்விசிறி சத்தமோ அப்படியே இருக்கும். போனைத் திண்ணையில் வைத்துவிட்டுத் தாத்தாவை நாற்காலியில் உட்கார வைத்தால் எந்த விலை மைக்கும் காப்பாற்றாது. பாம்பனிலிருந்து 90.4-ல் வரும் கடல் ஓசை வானொலியில் பேசுகிறவர் நம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருப்பதற்கு, அவர் மைக்கை ஒட்டிப் பேசுவதும் ஒரு காரணம்.

அதனால் சட்டையில் கவ்வி நிற்கும், வயர் உள்ள சாதாரணக் காலர் மைக் போதும். தாடைக்கு ஒரு சாண் கீழே மாட்டுங்கள். சங்கிலி, தாலி உரசாத இடமாக இருக்கட்டும். சட்டை போடாத தாத்தாக்களுக்குத் தோள் துண்டில் மாட்டலாம். வாங்கும்போது வயர் நுனியில் செருகும் பின்னைப் பாருங்கள். போனுக்கு உரியதில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும். கேமராவுக்கு உரியதில் இரண்டுதான், அதை நேராகப் போனில் செருகினால் பெரும்பாலும் எடுக்காது. உங்கள் போனில் வட்டத் துளையே இல்லையென்றால் டைப் சி பின் உள்ளதாகக் கேளுங்கள். வயர் இல்லாத மைக்கும் நல்லதுதான், ஆனால் பாதிக் கதையில் சார்ஜ் தீர்ந்தால் அப்பத்தா மறுபடி முதலிலிருந்து சொல்லமாட்டார். அதில் இரைச்சலைக் குறைக்கும் பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள். இழுத்துப் பாடும் அம்பாவையும் அது இரைச்சல் என்று நினைத்து நறுக்கிவிடும்.

மைக்கோடு வரும் பஞ்சு உறை மின்விசிறிக் காற்றுக்குத்தான் தாங்கும். கச்சான் அடிக்கும் மாதங்களில் தென்கடல் கரையில் உட்கார்ந்து பதிவு செய்ய, பூனை மயிர்போல் இருக்கும் உறை வேண்டும். அது இல்லாதவர்கள் காற்று மறைவான அறைக்குள் வாருங்கள். வெறும் சுவர் எதிரொலிக்கும். துணி மூட்டை, பாய், மெத்தை கிடக்கும் அறையே நல்லது. மின்விசிறியை நிறுத்துங்கள், பெரியவருக்குப் பனையோலை விசிறியால் மெல்ல வீச ஒரு பிள்ளை இருக்கட்டும். அரை நிமிடம் பதிந்து, இயர்போனில் கேட்டுப் பார்த்துவிட்டுக் கதையைத் தொடங்குங்கள்.

நம் ஊர் உப்புக்காற்றில் மைக்கின் பின் சீக்கிரம் களிம்பு பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்து, மாத்திரை டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைப் போட்டு மூடி வையுங்கள்.

வாங்க முடியாதவர்கள் வாங்க வேண்டாம். பள்ளியில் நான்கு காலர் மைக் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுத்துச் சென்று, திங்கள் காலை திருப்பித் தந்தால் போதும். பதிவை வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், தரம் குறையாமல் வந்து சேரும். பேசுகிறவரிடம், இது பள்ளியில் எல்லோரும் கேட்பது என்று முன்பே சொல்லிச் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

அந்தப் பெரிய மைக் என் அறை அலமாரியில் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்