கையை மட்டும் எடுத்துவிடாதே

அன்புத் தம்பிக்கு,

"பாப்பாவுக்குத் தொப்புள்கொடி விழுந்துடுச்சு அக்கா, நாளைக்கு நான்தான் குளிப்பாட்டப் போறேன்" என்று நேற்று நீ சொன்னபோது குரலில் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது. போனில் சொல்ல எனக்கு வாய் வராத ஒன்றை இங்கே எழுதுகிறேன். உன்னைப் போல முதன்முதலாகப் பிள்ளையைத் தண்ணீரில் இறக்கப்போகிறவர்களும் படிக்கட்டும்.

என் மகளுக்கு அப்போது ஆறு மாதம். குளியல் தொட்டிக்குள் பொருத்தும் குழந்தை இருக்கை ஒன்று வாங்கியிருந்தேன். அதில் உட்கார்ந்து தண்ணீரைத் தட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். துண்டு அடுத்த அறைக் கட்டிலில் கிடந்தது. நாலு எட்டுதானே என்று போனேன். திரும்பி வந்தபோது இருக்கை சாய்ந்து, அவள் முகம் பாதி தண்ணீருக்குள் இருந்தது. அழுகை இல்லை. தண்ணீர் சிதறுகிற சத்தம்கூட இல்லை. வாரி எடுத்ததும் இருமினாள், பிறகு வீறிட்டாள். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. அன்றே டாக்டரிடம் காட்டி, ஒன்றுமில்லை என்று கேட்டுக்கொண்டுதான் வீடு திரும்பினேன். இதை அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

தண்ணீரில் சிக்கும் குழந்தை கத்தும், நமக்குக் கேட்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வாயும் மூக்கும் தண்ணீருக்குள் போனபின் எப்படிக் கத்தும்? குழந்தைக்கு உடம்போடு பார்த்தால் தலைதான் கனம். கவிழ்ந்தால் தானாகத் தூக்கிக்கொள்ளக் கழுத்தில் வலுவில்லை. 5 சென்டிமீட்டர் தண்ணீர் போதும், தம்பி. அந்த இருக்கைகள் நம் கைக்கு ஓய்வு தரலாம், காவல் தராது.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: குளியல் முடியும்வரை உன் ஒரு கை குழந்தைமேல் இருக்கட்டும். சோப்பு, மாற்றுத் துணி, பஞ்சு, விரித்த துண்டு எல்லாம் மற்றக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்த பிறகே உன் மகளைத் தூக்கு. வாசலில் மணி அடித்தால் அடிக்கட்டும். போயே ஆகவேண்டுமென்றால் ஈரத்தோடு துண்டில் சுருட்டி அவளையும் எடுத்துக்கொண்டு போ.

எப்படிப் பிடிப்பது என்று கேட்டாயே. உன் இடது முன்கையை அவள் பிடரிக்குக் கீழே கொடு. தலை அதன்மேல் சாயட்டும். அதே கை விரல்களால் உனக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும் அக்குளைச் சுற்றித் தோளைப் பிடித்துக்கொள். சோப்பு பட்ட உடம்பு மீன் போல வழுக்கும், ஆனால் இந்தப் பிடியில் எளிதில் நழுவாது. இறக்கும்போது வலது கை பிட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். கால் முதலில், மெதுவாக.

தண்ணீர் விளாவும்போது பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்று, பிறகு சுடுதண்ணீர். இடையில் எது தவறினாலும் வெறும் கொதிநீரில் கை கால் படாது. 37 டிகிரி செல்சியஸ், அதாவது நம் உடம்புச் சூடு, போதும். நன்றாகக் கலக்கிவிட்டு முழங்கையால் தொட்டுப் பார். உள்ளங்கை சூட்டுக்குப் பழகியது, அதை நம்பாதே. வீட்டில் ஹீட்டர் இருந்தால் 49 டிகிரிக்கு மேல் போகாதபடி திருப்பி வை. 60 டிகிரித் தண்ணீர் பெரியவர்கள் தோலையே ஐந்து நொடியில் வேகவைத்துவிடும். பிஞ்சுத் தோலுக்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம். அவள் தொட்டிக்குள் இருக்கும்போது குழாயைத் திறக்காதே. சூடு திடீரென்று ஏறும்.

முதலில் முகம், சோப்பில்லாமல். கண்ணை மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடை. ஒவ்வொரு கண்ணுக்கும் வேறு பஞ்சு. காதுக்குள் எதையும் விடாதே. பெண் குழந்தை என்பதால் கீழே கழுவும்போது முன்னிருந்து பின்னாக மட்டுமே. கழுத்து மடிப்பு, அக்குள், தொடையிடுக்கில்தான் அழுக்குச் சேரும். அங்கே விரலால் விரித்துக் கழுவி, துண்டால் ஒற்றி எடு, தேய்க்காதே. தலையைக் கடைசியாக நனை. பச்சிளங்குழந்தைக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. ஈரத் தலையோடு இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் சூடு போய்க்கொண்டே இருக்கும். ஐந்து, பத்து நிமிடத்தில் முடித்துவிடு. பவுடர் வேண்டவே வேண்டாம். அந்தத் தூசி மூச்சோடு உள்ளே போகும்.

பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் குளிப்பாட்டவில்லை என்று குறைப்பட்டாய். அவர்கள் செய்ததுதான் சரி. குறைந்தது 24 மணி நேரம் கழித்தே முதல் குளியல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உடம்பில் ஒட்டியிருந்த அந்த வெள்ளைப் படலமும் அழுக்கில்லை, தோலுக்குக் காப்பு. இப்போதும் தினம் குளிப்பாட்டியே தீரவேண்டும் என்றில்லை. வாரம் மூன்று நாள் போதும். மற்ற நாளில் முகம், கழுத்து, டயப்பர் இடத்தைத் துடைத்தால் சரி. பால் குடித்தவுடன் வேண்டாம், கக்கிவிடுவாள்.

முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்து வை. வாளியில் மிச்சத் தண்ணீர் நிற்கவே கூடாது. இன்றைக்கு அவளால் நகர முடியாது, சரி. தவழத் தொடங்கும் நாள் சொல்லிக்கொண்டு வராது. வாளியை எட்டிப் பார்க்கிற குழந்தை தலைகுப்புற விழுந்தால், வெளியே வரத் தெரியாது.

நாளைக் காலையில் போனை வேறு அறையில் வைத்துவிடு. எப்படி நடந்தது என்று கேட்கத் துடிப்பேன்தான், ஆனாலும் மத்தியானம் வரை கூப்பிட மாட்டேன்.

அன்புடன்,
அக்கா