24 மணி நேர ஆள் எப்போது தூங்குவார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பக்கத்தில் ஞாயிறுதோறும் வரும் ஒரு வாசகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். 'முதியோர், படுத்த படுக்கையாக இருப்போரைக் கவனிக்க 24 மணி நேரமும் ஆள்கள் கிடைக்கும்' என்று ஒரு செல்போன் எண்ணோடு வருமே, அதேதான். அதைப் பார்த்துத்தான் நானும் போன் செய்தேன்.

என் அம்மாவுக்கு 83 வயது. போன ஆவணியில் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. நான் 2020இல் தொலைபேசித் துறையிலிருந்து விருப்ப ஓய்வில் வந்தவன். மனைவிக்கு முதுகுத்தண்டில் தேய்மானம். இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினாலும் அம்மாவைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற முடியவில்லை. சரி, ஆள் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம்.

ஏஜென்சியில் மாதம் 21,000 ரூபாய் என்றார்கள். ஒரு மாதப் பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். பதிவுக் கட்டணம் 2,000, அது திரும்ப வராது. ரசீது என்று ஒரு துண்டுச் சீட்டு. "டிரெயினிங் எடுத்த பொண்ணுதான் சார்" என்று அனுப்பினார்கள். நான்கு மாதத்தில் ஐந்து பேர் வந்தார்கள். முதலில் வந்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. அம்மாவை உட்கார வைக்க, விழுந்துபோன இடது கையைப் பிடித்தே இழுத்துத் தூக்கினார். அந்தக் கையில் தோள்மூட்டைத் தாங்கும் தசைகளுக்கு வலு இருக்காது, இழுத்தால் மூட்டு இறங்கிவிடும். அம்மாவுக்கு இறங்கிவிட்டது. அந்தப் பிள்ளையைத் திட்ட மனம் வரவில்லை. முந்தின வாரம்வரை ஜவுளிக் கடையில் நின்றுகொண்டிருந்தவராம்.

ஐந்தாவதாக வந்தவர் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். பையை மூலையில் வைத்ததும் கேட்ட முதல் கேள்வி, "அப்பத்தாவுக்கு எந்தக் கை வராது?" நாற்காலியை அம்மாவின் வலது பக்கமாகக் கொண்டுவந்து, கட்டிலை ஒட்டிச் சாய்வாகப் போட்டு பிரேக்கை அழுத்தினார். ஒரு துண்டை நீளவாக்கில் மடித்து அம்மாவின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தார். வராத காலுக்குத் தன் முழங்காலை முட்டுக் கொடுத்து, "எந்திரிப்பமா அப்பத்தா, ஒண்ணு, ரெண்டு" என்றார். மூன்று சொல்வதற்குள் அம்மா நாற்காலியில் இருந்தார். சாப்பாடு ஊட்டியதும் படுக்க விடமாட்டார். புரையேறாமல் இருக்க அரை மணி நேரம் உட்கார வைத்து ஊர்க்கதை பேசுவார். இதற்கெல்லாம் யாரும் அவருக்குப் பயிற்சி தரவில்லை. முன்பு வேலை பார்த்த வீட்டுக்கு வந்துபோன பிசியோதெரபிஸ்ட் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியதாம்.

ஒரு நாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்: நாங்கள் கட்டும் 21,000இல் அவர் கைக்கு வருவது 13,000. ஆள் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் வாங்கத்தான் செய்வார்கள். ஆனால் மாதாமாதம் 8,000 எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அப்புறம் இந்த '24 மணி நேரம்'. படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ராத்திரி பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. 'அதுக்குத்தானே சம்பளம்' என்று பேசியவன்தான் நானும். மகள் வீட்டு விசேஷத்துக்கு அவர் நான்கு நாள் ஊருக்குப் போனபோது அந்த வேலை என் தலையில் விழுந்தது. மூன்றாம் ராத்திரி அலாரம் அடித்ததே தெரியாமல் தூங்கிவிட்டேன். விடிந்து பார்த்தால் அம்மாவின் இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. அவர் திரும்பியதும் பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் புரட்டுவதை நான் எடுத்துக்கொண்டேன். மத்தியானம் இரண்டு மணி நேரம் அவரை யாரும் கூப்பிடுவதில்லை.

அடுக்குமாடி வாசலுக்குக் காவலாளி அனுப்பும் நிறுவனத்துக்கு, 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி உரிமம் வேண்டும். அனுப்பும் ஆளுக்குப் பயிற்சி தர வேண்டும், பின்னணியை விசாரித்திருக்க வேண்டும். வாசலில் நிற்பவருக்கே இத்தனை. வீட்டுக்குள் வந்து அம்மாவைத் தொட்டுத் தூக்குபவரை அனுப்ப? நான் பேசிப் பார்த்த நான்கு ஏஜென்சிகளில் ஒன்றுகூட எந்தப் பதிவு எண்ணையும் காட்டவில்லை. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் என்று 2007இல் ஒன்று வந்தது. அதில் பிள்ளைகள் மாதம் தர வேண்டிய தொகைக்கு உச்சவரம்பே 10,000 ரூபாய்தான். இன்றைக்கு ஏஜென்சிக்கு நாங்கள் கட்டும் தொகையில் பாதிக்குக்கூட வராது. எங்கள் தெருவில் மூளை முடக்குவாதத்தோடு ஒரு பையன் இருக்கிறான். மாதாந்திர அரசு உதவித்தொகை 1,500இலிருந்து 2,000 ஆனது. அதை வைத்து யாரை வேலைக்கு வைப்பது? பத்தொன்பது வருடமாக அவன் அம்மாதான் அந்த 24 மணி நேர ஆள்.

காவலாளி நிறுவனங்களைப் போல இந்த ஏஜென்சிகளுக்கும் உரிமமும் பயிற்சியும் கட்டாயம் என்று அரசு சொல்ல வேண்டும். அது வரும்போது வரட்டும். உங்களால் இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இந்த விளம்பரங்களை வாங்கும்போது, வேலைக்கு வருபவர் கைக்கு மாதம் எவ்வளவு போகும் என்பதையும் சேர்த்து அச்சிடச் சொல்லுங்கள். கூடுதலாக ஒரு வரி ஆகும். மாதம் 8,000 எடுப்பவர்களுக்கு அந்த ஒரு வரிக் காசு பெரிதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியர்,
மதுரை.