ஒரு தடவை ஸ்கேன் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடும் பக்கவாதத்துக்குப் பின் வரும் மூளை வீக்கச் சிக்கலை அல்ட்ராசவுண்ட் முன்கூட்டியே காட்டிவிடும் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். காட்டும்தான், ஆனால் ஒரே தடவை பார்த்தால் காட்டாது. கட்டுரையில் விடுபட்டது அதுவே.

மூளையின் ஒரு பாதியில் பெரும்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் நடுப் பெருமூளைத் தமனி முழுதாக அடைபட்டால், ரத்தம் கிடைக்காத பகுதி இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை வீங்கும். மண்டையோடு விரிந்து கொடுக்காது. வீங்கிய பாதி மறுபாதியைத் தள்ளும். 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 48 மணி நேரத்துக்குள் குறைந்தது 12 செ.மீ. அகலத்துக்கு எலும்பை எடுத்துவிட்டால் உயிர் தப்ப வாய்ப்புண்டு. மூன்று ஐரோப்பிய ஆய்வுகளைச் சேர்த்து 2007இல் வெளியான கணக்கில், ஓராண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் அறுவை செய்துகொண்டவர்களில் 78 சதவீதம், செய்யாதவர்களில் 29 சதவீதம். பிழைத்தவர்களில் பலருக்குக் கடைசிவரை பிறர் துணை வேண்டியிருக்கும் என்பதையும் குடும்பத்தாரிடம் மறைக்கக்கூடாது.

ஆக, கேள்வி ‘யாருக்கு, எப்போது’ என்பதுதான். வென்டிலேட்டரில் இருப்பவரை ஆறு மணிக்கொருமுறை சி.டி. அறைக்குத் தள்ளிக்கொண்டு போக முடியாது. அங்கே தட்டையாகப் படுக்கவைத்தாலே மூளை அழுத்தம் ஏறும். அல்ட்ராசவுண்ட் கட்டிலுக்கே வரும்.

முறை இது. காதுக்கு முன்னால், கன்ன எலும்புக்கு மேலே, மண்டையோடு மெலிந்த பொட்டுப் பகுதியில் 2 மெகாஹெர்ட்ஸ் அளவிலான புரோபை (ஒலியலை அனுப்பி வாங்கும் கைக்கருவி) வைக்க வேண்டும். எதிர்ப்பக்க எலும்பு தெரியும் வரை ஆழத்தைக் கூட்ட வேண்டும். முதலில் வண்ணத்துப்பூச்சி வடிவில் கறுப்பாக நடுமூளை தெரியும். புரோபைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்தால் இரண்டு வெள்ளைக் கோடுகள், நடுவே கறுப்பு: அதுதான் மூளையின் நடுவே திரவம் நிறைந்த மூன்றாம் அறை. புரோபிலிருந்து அதன் மையம் வரையுள்ள தூரத்தை இருபுறமும் அளந்து, வித்தியாசத்தைப் பாதியாக்க வேண்டும். பாதித்த பக்கம் 74 மி.மீ., மறுபக்கம் 66 என்றால் மூளையின் இரு பாதிக்கும் இடையிலான நடுக்கோடு 4 மி.மீ. நகர்ந்திருக்கிறது.

2001இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், பக்கவாதம் வந்து 16, 24, 32, 40 மணி நேரங்களில் இந்த நகர்வு முறையே 2.5, 3.5, 4, 5 மி.மீ. அளவை எட்டியவர்கள் அனைவரும் மூளை பிதுங்கியே இறந்தனர். சிறிய ஆய்வு அது. அந்த எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. எட்டு மணி நேரத்தில் 1 மி.மீ. 3 ஆனதா என்பதே எனக்கு முக்கியம். அதற்கு ஒரே ஆள், ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆள் மாறினால் 2 மி.மீ. வித்தியாசம் கையிலேயே வந்துவிடும். புரோப் வைத்த இடத்தைத் தோலில் பேனாவால் குறித்து வைப்பது நல்லது.

பத்தில் ஒருவர், இருவருக்கு, அதிலும் வயதான பெண்களுக்கு, எலும்பு தடித்திருப்பதால் படமே கிடைக்காது. எலும்பை எடுத்த பின் படம் பளிச்சென்று தெரியும். ஆனால் அந்தப் பக்கம் தோல் உப்பியிருப்பதால் மேற்சொன்ன கணக்கு பொய்க்கும்.

கண் வழியே பார்ப்பதையும் கட்டுரை புகழ்ந்திருந்தது. மூடிய இமை மேல் நிறைய ஜெல் போட்டு, அழுத்தாமல், கண்கோளத்துக்கு 3 மி.மீ. பின்னால் பார்வை நரம்பு உறையின் அகலத்தை அளப்பார்கள். உறை அகன்றிருந்தால் மூளை அழுத்தம் கூடியிருக்கலாம். எவ்வளவு அகலம் என்றால் 5 முதல் 6 மி.மீ. வரை ஆளுக்கொரு எல்லை சொல்கிறார்கள். நிழலை உறையென்று அளந்துவிடுவதும் சகஜம். கருவியைக் கண்ணுக்கான அமைப்புக்கு மாற்றாமல் புரோபைக் கண்மேல் வைக்கவே கூடாது.

முதல் சி.டி.க்கு இவை எதுவும் மாற்றல்ல. பக்கவாதத்துக்குக் காரணம் ரத்தக்குழாய் அடைப்பா, ரத்தக்கசிவா என்பதை அதுதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று: கருவையே பார்க்காத கருவியானாலும், பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைப் பதிவு செய்தாக வேண்டும். எடுத்துச் செல்லும் வகைக் கருவியைப் பதிவான வளாகத்துக்கு வெளியே நினைத்தபடி கொண்டுபோக முடியாது. எனவே ‘ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பார்க்கலாம்’ என்ற கட்டுரையின் யோசனை இங்கே அத்தனை எளிதல்ல. அதைவிட, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏற்கெனவே நிற்கும் கருவியில் இந்த ஓர் அளவை எடுக்க இரவுப் பணி மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம்.

இப்படிக்கு,
நரம்பியல் தீவிர சிகிச்சை மருத்துவர் ஒருவர்,
மதுரை.